சங்கிலிக்குப் பிறகு – 9: பதின்மூன்று டாலர் சிப்பாய்கள் கட்டிய பள்ளிக்கூடம்

அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்த 13-ஆவது சட்டத்திருத்தம் 1865 டிசம்பரில் நடைமுறைக்கு வந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். சுமார் 40 லட்சம் பேர் சட்டப்படி விடுதலை பெற்றார்கள். உழுவதற்குச் சொந்த நிலம் கிடையாது. குடியிருக்கச் சொந்த வீடு கிடையாது. பலருக்குப் பெற்ற பிள்ளைகள் எந்தச் சந்தையில் விற்கப்பட்டு எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதுகூடத் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் கையில் முதல்முதலாகக் கூலிக்காசு சேர்ந்தபோது அதை எதற்குக் கொடுத்தார்கள்? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

1866 ஜனவரி. டெக்சாஸின் தெற்கில் ரியோ கிராண்டே ஆற்றங்கரை. அக்கரையில் மெக்சிகோ, இக்கரையில் மெக்கின்டோஷ் கோட்டை. அங்கே இருந்த 62-ஆவது கறுப்பினக் காலாட்படையைக் கலைக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சிப்பாய்களில் பெரும்பாலோர் மிசௌரி மாநிலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். 1863 டிசம்பரில் செயின்ட் லூயிஸ் நகரில் இந்தப் படைப்பிரிவு உருவானபோது சேர்ந்தவர்கள்.

சீருடை போட்ட அன்று அவர்களில் எழுத்து தெரிந்தவர்கள் மிகச் சிலர்தான். அதற்குக் காரணம் மிசௌரியின் சட்டம். கறுப்பின மக்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியை யாரும் நடத்தக்கூடாது என்று 1847-ல் அந்த மாநிலம் சட்டம் போட்டிருந்தது. மீறினால் 500 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. ஆகவே இந்த மனிதர்கள் அரிச்சுவடியைக் கையில் எடுத்தது படை முகாமில்தான். காவல் பணி முடிந்து வந்து கூடாரத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டினார்கள். 1864-ல் படைப்பிரிவில் ஓர் உத்தரவு வந்தது: 1865 ஜனவரி முதல் தேதிக்குள் வாசிக்கக் கற்றுக்கொள்ளாத சார்ஜென்டுகளும் கார்ப்பொரல்களும் பதவி இழந்து சாதாரணச் சிப்பாய் ஆவார்கள். துப்பாக்கியைத் துடைப்பதுபோலவே எழுத்தைப் படிப்பதும் அங்கே கடமையாகிவிட்டது.

இப்போது படை கலையப் போகிறது. பாதியில் நிற்கும் இந்தப் படிப்பு என்ன ஆகும்? ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்? இந்தக் கேள்வி முகாமில் எழுந்தது. டார்ட்மத் கல்லூரியில் படித்த வெள்ளையரான லெப்டினன்ட் ரிச்சர்ட் பாக்ஸ்டர் ஃபாஸ்டரிடம் சக அதிகாரி ஒருவர் கேட்டார்: பணம் திரட்டினால் மிசௌரியில் ஒரு பள்ளியைப் பொறுப்பேற்று நடத்துவீர்களா? ஃபாஸ்டர் ஒப்புக்கொண்டார். வசூல் தொடங்கியது.

ஒரு சிப்பாயின் மாதச் சம்பளம் 13 டாலர். அதுகூட ஆரம்பத்தில் கிடைக்கவில்லை. வெள்ளைச் சிப்பாய்க்கு 13 டாலர் தந்த அரசு, கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர் நிர்ணயித்து, அதிலும் உடுப்புக்கு 3 டாலர் பிடித்துக்கொண்டு 7 டாலர்தான் கொடுத்துவந்தது. 1864 ஜூனில்தான் நாடாளுமன்றம் சம்பளத்தைச் சமமாக்கியது. அந்தப் பணத்திலிருந்து சாமுவேல் செக்ஸ்டன் என்ற சாதாரணச் சிப்பாய் 100 டாலர் கொடுத்தார். ஏறக்குறைய எட்டு மாதச் சம்பளம்! அதிகாரிகள் கொடுத்ததும் சேர்ந்து மொத்தம் 5,000 டாலர் திரண்டது. இதைக் கேள்விப்பட்ட 65-ஆவது கறுப்பினக் காலாட்படை தன் பங்குக்கு 1,379 டாலர் 50 சென்ட் சேர்த்துக் கொடுத்தது.

கொடுத்தவர்கள் மூன்று நிபந்தனைகள் வைத்தார்கள். பள்ளி மிசௌரியில் அமைய வேண்டும். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக நடக்க வேண்டும். படிப்பும் உழைப்பும் அங்கே சேர்ந்தே இருக்க வேண்டும். தங்கள் பணம் எங்கே, யாருக்கு, எப்படிப் பயன்பட வேண்டும் என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருந்தது.

எழுத்துக்கு ஏன் இவ்வளவு விலை?

எழுத்தின் வலிமையை முதலில் உணர்ந்தவர்கள் எஜமானர்கள். தென் கரோலினா 1740-லேயே அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1831-ல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் என்ற, வாசிக்கத் தெரிந்த அடிமையின் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. அதன் முன்னும் பின்னுமான சில ஆண்டுகளில் ஜார்ஜியா, வட கரோலினா, வர்ஜீனியா, அலபாமா என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தென் மாநிலங்கள் கறுப்பினக் கல்விக்குத் தடை போட்டன. வாசிப்பவன் செய்தித்தாளைப் படிப்பான். எழுதுபவன் எஜமானின் கையெழுத்தில் தனக்கே அனுமதிச் சீட்டு எழுதிக்கொண்டு வடக்கே போய்விடுவான். எஜமானர்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது.

விடுதலைக்குப் பிறகு இந்தத் தேவை இன்னும் கூடியது. தோட்ட முதலாளி நீட்டும் கூலி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்தால் ஓராண்டு உழைப்பு போய்விடும். கடைக்காரர் கணக்கில் எழுதும் கடனைச் சரிபார்க்க எண் தெரிய வேண்டும். பைபிளைத் தன் கண்ணால் படித்துவிட்டுச் சாக வேண்டும் என்ற ஏக்கம் முதியவர்களுக்கு. பிரிந்துபோன பிள்ளையைத் தேடிக் கடிதம் எழுத வேண்டும் என்ற தவிப்பு தாய்மார்களுக்கு. பாட்டியும் பேத்தியும் ஒரே பலகையில் உட்கார்ந்து ஒரே அரிச்சுவடியைப் பார்த்த பள்ளிகள் அந்த ஆண்டுகளில் தெற்கு எங்கும் இருந்தன.

வடக்குக்கும் தெற்குக்கும் இடையே உள்நாட்டுப் போர் தொடங்கிய ஆண்டிலேயே இந்தப் படிப்பு ஆரம்பித்துவிட்டது. 1861-ல் வர்ஜீனியாவின் மன்ரோ கோட்டை வடக்குப் படையிடம் இருந்தது. தப்பி வந்த அடிமைகளை அங்கே திருப்பி அனுப்பவில்லை என்ற செய்தி பரவி நூற்றுக்கணக்கானோர் வந்து சேர்ந்தார்கள். பக்கத்து ஹாம்ப்டன் நகரில் மேரி பீக் என்ற பெண்மணி இருந்தார். அடிமையாகப் பிறக்காத கறுப்பினப் பெண், தையல் வேலை செய்து பிழைத்தவர், சட்டத்துக்கு அஞ்சாமல் பல ஆண்டுகளாக இரகசியமாகப் பாடம் சொல்லிக்கொடுத்துவந்தவர். அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷன் என்ற கிறித்தவ அமைப்பு அவரை ஆசிரியராக அமர்த்தியது. 1861 செப்டம்பர் 17 அன்று அவர் பள்ளி வெளிப்படையாகத் தொடங்கியது. பகலில் குழந்தைகள், இரவில் பெரியவர்கள். காசநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. எழுந்திருக்க முடியாத நாட்களிலும் படுக்கையைச் சுற்றி மாணவர்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். 1862 பிப்ரவரியில் இறந்தார். அவர் விதைத்த இடத்தில்தான் பின்னாளில் ஹாம்ப்டன் கல்லூரி வளர்ந்தது.

சந்தை பள்ளியானது

1864 டிசம்பரில் ஜெனரல் ஷெர்மனின் வடக்குப் படை ஜார்ஜியாவின் சவானா துறைமுகத்தைக் கைப்பற்றியது. மூன்று வாரங்கள்கூட ஆகியிருக்காது; அந்நகரின் கறுப்பினப் போதகர்கள் கூடி ‘சவானா கல்விச் சங்கம்’ என்ற அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள். நகரத்தின் கறுப்பினக் குடும்பங்களிடம் சுமார் 1,000 டாலர் திரட்டினார்கள். ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்தவர்களும் அவர்களே. தேர்வான ஆசிரியர்கள் அனைவரும் கறுப்பினத்தவர்கள்.

பள்ளிக்கு இடம் வேண்டுமே! நகரத்தில் ஒரு கட்டடம் காலியாக இருந்தது. பிரையன் என்பவர் நடத்திய அடிமைச் சந்தைக் கட்டடம். சில வாரங்களுக்கு முன்புவரை மனிதர்களை அடைத்துவைத்து விலைபேசிய இடம். 1865 ஜனவரியில் அங்கே குழந்தைகள் வரிசையாகப் போய் உட்கார்ந்தார்கள். தொடக்கத்திலேயே சங்கத்தின் பள்ளிகளில் சுமார் 500 பிள்ளைகள் சேர்ந்தார்கள். அதே வாரத்தில்தான் சவானாவின் கறுப்பினச் சமயத் தலைவர்கள் 20 பேர் ஷெர்மனையும் போர் அமைச்சர் ஸ்டான்டனையும் சந்தித்து, உழைத்துப் பிழைக்க நிலம் வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு கையால் நிலத்துக்கு மனு, மறு கையால் பள்ளிக்கு வசூல்.

இந்தச் சங்கத்தின் முடிவையும் சொல்ல வேண்டும். கூலி கிடைக்காத காலம். மாதாமாதம் ஆசிரியர் சம்பளம் கொடுப்பது அந்த மக்களுக்குத் தாங்கவில்லை. வடக்கிலிருந்து வந்த மிஷனரி அமைப்பிடம் பணம் இருந்தது. ஆனால் கறுப்பினத்தவர்கள் தாங்களாகவே பள்ளி நடத்துவார்கள் என்ற நம்பிக்கை அதன் பிரதிநிதிகளுக்கு இல்லை. நிர்வாகம் தங்கள் கைக்கு வர வேண்டும் என்று விரும்பினார்கள். ஓராண்டு சற்று நகர்ந்ததும் பணம் தீர்ந்த சங்கத்திடமிருந்து பள்ளிகள் மிஷனரி அமைப்பின் கைக்குப் போயின. உதவி வரும்போது அதிகாரமும் சேர்ந்தே வந்தது. இந்த இழுபறி அடுத்த அறுபது ஆண்டுகள் ஓயவில்லை.

எங்கள் மேல் வரி போடுங்கள்

லூசியானாவில் நடந்தது வேறு வகை. 1864 மார்ச்சில் அங்கிருந்த வடக்குப் படையின் தளபதி ஜெனரல் பாங்க்ஸ் ஓர் ஆணை பிறப்பித்தார். விடுதலை பெற்றோருக்குக் கல்வி வாரியம் ஒன்று அமையும். சொத்துகள்மேல் பள்ளி வரி விதித்து அதை நடத்த வேண்டும். அமெரிக்கத் தெற்கில் கறுப்பினக் குழந்தைகளுக்காகப் பொதுவரியில் பள்ளி நடப்பது மிகப் புதிய செய்தி. அந்த ஆண்டு முடிவதற்குள் 95 பள்ளிகளும் 9,500-க்கும் மேற்பட்ட குழந்தைகளும் அந்த வாரியத்தின் கீழ் வந்தார்கள்.

வெள்ளைத் தோட்ட முதலாளிகள் இந்த வரியை வெறுத்தார்கள். 1865-ன் இறுதியில் வரி வசூல் நிறுத்தப்பட்டது. பணம் இல்லாமல் பள்ளிகள் மூடப்பட்டன.

அப்போது லூசியானாவின் மூலைமுடுக்குகளிலிருந்து மனுக்கள் வந்து குவிந்தன. அரசு தங்கள்மேல் தனியாக வரி போட்டாவது பள்ளிகளைத் திறக்க வேண்டும் என்று கறுப்பின மக்கள் கேட்டார்கள். தோட்டங்களிலிருந்து வந்த ஒரு மனு 30 அடி நீளம். 10,000 பேர் சார்பில் எழுதப்பட்டது. பெயர் எழுதத் தெரியாத பெற்றோர் வரிசையாகப் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த வடக்கு அதிகாரி மனம் நெகிழ்ந்து பதிவுசெய்திருக்கிறார். வரியைக் குறையுங்கள் என்று மன்னர்களிடம் மக்கள் மன்றாடிய கதைகள் எல்லா நாட்டு வரலாற்றிலும் நிறைய உண்டு. எங்கள்மேல் வரி போடுங்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி கொடுங்கள் என்று அரை வயிற்றுக் கூலிகள் எழுதிய மனு வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

மனுவோடும் அவர்கள் நிற்கவில்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரில் தாங்களே கட்டணம் கொடுத்துத் தனிப்பள்ளிகள் நடத்தினார்கள். 1867 ஜனவரியில் அப்படிப்பட்ட 65 பள்ளிகளில் 2,967 பிள்ளைகள் படித்தார்கள். அதே நேரம் அரசு அமைப்பின் 56 பள்ளிகளில் படித்தவர்கள் 2,527 பேர்.

பீரோவின் கணக்கும் மக்களின் கணக்கும்

அந்த அரசு அமைப்பைத்தான் ‘ஃப்ரீட்மென்ஸ் பீரோ’ என்றார்கள். 1865 மார்ச் 3 அன்று நாடாளுமன்றம் இதை உருவாக்கியது. தலைவர் ஜெனரல் ஆலிவர் ஓட்டிஸ் ஹோவர்ட். கல்விப் பொறுப்பு ஜான் ஆல்வர்ட் என்ற போதகருக்கு. ஆரம்பத்தில் பள்ளிகளுக்கென்று ஒரு சென்ட்கூட ஒதுக்கப்படவில்லை. 1866 ஜூலையில் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் கட்டட வாடகைக்கும் பழுதுபார்ப்புக்கும் பணம் கிடைத்தது.

வேலை மூன்று பங்காகப் பிரிந்தது. கட்டடத்துக்குப் பீரோ பணம் தரும். ஆசிரியர் சம்பளத்தை வடக்கின் நன்கொடைச் சங்கங்கள் அனுப்பும். மிச்சம் எல்லாம் ஊர்க்காரர்கள் பொறுப்பு. மிச்சம் என்பது சிறியதல்ல. நிலம் வாங்க வேண்டும். மரம் வெட்டிப் பலகை அறுக்க வேண்டும். ஆசிரியருக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுக்க வேண்டும். விளக்குக்கு எண்ணெய், குளிர்காலத்துக்கு விறகு, மாதக் கட்டணம். காசு இல்லாதவர்கள் முட்டையும் சோளமும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஆல்வர்ட் தெற்கு முழுவதும் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதிய முதல் அறிக்கையில் ஒரு வியப்பான செய்தி இருந்தது. எந்தச் சங்கமும் போகாத, எந்த அதிகாரியும் எட்டிப்பார்க்காத ஊர்களிலும் பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. கொஞ்சம் எழுத்து தெரிந்த ஒருவர் முன்னால் நிற்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். இப்படிப்பட்ட பள்ளிகள் குறைந்தது 500 இருக்கும் என்று அவர் மதிப்பிட்டார். ஜார்ஜியாவில் 1866-ன் பிற்பகுதியில் நடந்த 123 பகல், இரவுப் பள்ளிகளில் 96 பள்ளிகளுக்கு முழுச் செலவையோ ஒரு பங்கையோ கறுப்பின மக்களே ஏற்றிருந்தார்கள். 57 கட்டடங்கள் அவர்களுக்குச் சொந்தமாக இருந்தன. சொந்த வீடு இல்லாதவர்களுக்குச் சொந்தப் பள்ளிக்கூடம்!

1870-ல் பீரோவின் கணக்கில் 4,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள், சுமார் இரண்டரை லட்சம் மாணவர்கள். கல்விக்குச் செலவான ஏறக்குறைய 60 லட்சம் டாலரில் 7,50,000 டாலர் விடுதலை பெற்றவர்களே கொடுத்தது என்று கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் 1903-ல் வெளியான தம் நூலில் குறிப்பிடுகிறார். எட்டில் ஒரு பங்கு. சில ஆண்டுகளுக்கு முன்புவரை கூலி என்ற சொல்லையே அறியாதிருந்தவர்கள் கொடுத்த ரொக்கம் அது.

இந்தக் காசைச் சேர்ப்பதும் காப்பதும் எவ்வளவு கடினம் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள். 1866 மே மாதம் மெம்ஃபிஸ் நகரில் வெள்ளையர் கும்பல் மூன்று நாள் வெறியாட்டம் ஆடியது. 46 கறுப்பின மக்கள் கொல்லப்பட்டார்கள். கறுப்பினப் பகுதிகளில் இருந்த நான்கு தேவாலயங்களும் 12 பள்ளிகளும் கொளுத்தப்பட்டன. தீவைத்தவர்கள் தேடிப்போய் எரித்த இடங்கள் எவை என்று பாருங்கள். பள்ளிக்கூடத்தின் மதிப்பு எதிரிக்கும் தெரிந்திருந்தது.

இரண்டாவது, ‘ஃப்ரீட்மன்ஸ் சேவிங்ஸ் பாங்க்’. பீரோ உருவான அதே நாளில் நாடாளுமன்ற அனுமதியோடு தொடங்கிய வங்கி. சிறுகச் சிறுகச் சேமியுங்கள் என்று போதகர்களும் ஆசிரியர்களும் சொன்னார்கள். மக்கள் அரசின் வங்கி என்று நம்பிப் போட்டார்கள். மேலே இருந்தவர்கள் முறைகேடாகக் கடன் கொடுத்தார்கள். 1873-ல் நாடு முழுவதும் பொருளாதாரம் சரிந்தது. 1874 ஜூனில் வங்கி மூடப்பட்டது. சுமார் 61,000 பேரின் ஏறக்குறைய 30 லட்சம் டாலர் அதில் சிக்கியது. அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். அந்தப் பணத்தில் எத்தனை பிள்ளைகளின் படிப்பு இருந்ததோ!

பாடிச் சேர்த்த பணம்

1866 ஜனவரியில், மிசௌரிச் சிப்பாய்கள் வசூல் தொடங்கிய அதே மாதத்தில், டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் படையினர் விட்டுப்போன மருத்துவமனைக் கொட்டகைகளில் ஃபிஸ்க் பள்ளி திறக்கப்பட்டது. நகரத்தின் அடிமைக் கிடங்கில் துருப்பிடித்துக் கிடந்த விலங்குகளையும் சங்கிலிகளையும் பழைய இரும்பு விலைக்குப் போட்டு, அந்தக் காசில் அரிச்சுவடிகள் வாங்கினார்கள் என்பது அந்த நிறுவனத்தின் வரலாற்றில் தொடர்ந்து சொல்லப்படும் செய்தி.

ஐந்தே ஆண்டுகளில் கொட்டகைகள் இற்றுப்போயின. கடன் கழுத்தை நெரித்தது. பொருளாளராகவும் இசை ஆசிரியராகவும் இருந்த ஜார்ஜ் வைட் ஒரு முடிவெடுத்தார். மாணவர்களை அழைத்துக்கொண்டு வடக்கே போய்ப் பாடிப் பணம் திரட்டுவது. பள்ளியை நடத்திய மிஷனரி அமைப்பின் மேலிடம் தயங்கியது. 1871 அக்டோபர் 6 அன்று ஒன்பது இளைஞர்கள் ரயில் ஏறினார்கள். பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். பியானோ வாசித்த எல்லா ஷெப்பர்டை அவருடைய தந்தை 350 டாலர் கொடுத்து எஜமானரிடமிருந்து மீட்டிருந்தார். தாயை மீட்க முடியவில்லை.

முதல் நாட்களில் அரங்கம் நிறையவில்லை. விடுதிகள் அறை கொடுக்க மறுத்தன. பயணம் தொடங்கிய இரண்டே நாளில் சிகாகோ நகரம் தீப்பற்றி எரிந்தது. சின்சினாட்டியில் பாடிக் கிடைத்த சுமார் 50 டாலரை, தங்கள் பள்ளியே மூழ்கும் நிலையில் இருந்தபோதும், தீயில் வீடிழந்தவர்களுக்கு அப்படியே கொடுத்தார்கள். பிறகு ஒருநாள், வழக்கமான மேடைப் பாட்டுகளோடு, தங்கள் பெற்றோர் பருத்தி வயலில் ஒளித்துப் பாடிய பக்திப் பாட்டுகளையும் பாடினார்கள். அவை அந்நியர் காதில் பட வேண்டாம் என்று முதலில் அவர்களே கூச்சப்பட்டவைதான். அரங்கம் உறைந்துபோனது. ‘ஜூபிலி சிங்கர்ஸ்’ என்ற பெயர் நாடெங்கும் பரவியது. 1872 வசந்தத்தில் 20,000 டாலரோடு நாஷ்வில் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்து போய் விக்டோரியா மகாராணி முன் பாடினார்கள். அங்கிருந்து ஏறக்குறைய 50,000 டாலர். 1878-க்குள் மொத்தம் சுமார் 1,50,000 டாலர். அந்தப் பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் 1876 ஜனவரி முதல் தேதி திறக்கப்பட்டது. இன்றும் நிற்கிறது. தொண்டை கட்டி, உடல் நலிந்து, படிப்பைப் பாதியில் விட்டு அந்த இளைஞர்கள் எழுப்பிய கட்டடம் அது. அதில் படித்துப் பட்டம் பெறும் வாய்ப்பு அவர்களில் பலருக்குக் கிடைக்கவில்லை.

ஒழுகிய கூரையின் கீழ்

மிசௌரிக்குத் திரும்புவோம். சிப்பாய்களின் பணத்தோடு ஃபாஸ்டர் தலைநகர் ஜெஃபர்சன் சிட்டிக்கு வந்தார். இடம் கிடைக்கவில்லை. வெள்ளையர் தேவாலயம், மாணவர்கள் கறுப்பர்கள் என்று மறுத்தது. கறுப்பினத் தேவாலயம், ஆசிரியர் வெள்ளையர் என்று தயங்கியது. கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு குன்றின்மேல் இடிந்துகொண்டிருந்த பழைய பள்ளிக் கட்டடம் கிடைத்தது. சுவரில் ஓட்டைகள். மழை வெளியே பெய்த அளவு உள்ளேயும் பெய்தது. 1866 செப்டம்பர் 17 அன்று ‘லிங்கன் இன்ஸ்டிட்யூட்’ அங்கே திறக்கப்பட்டது. மேரி பீக் ஹாம்ப்டனில் பாடம் தொடங்கி அன்றோடு சரியாக ஐந்து ஆண்டுகள். முதல் நாள் வந்த மாணவர்கள் இரண்டு பேர்.

பிறகு கூட்டம் சேர்ந்தது. கறுப்பினக் குழந்தைகளுக்கு ஊர்தோறும் பள்ளி வைக்க வேண்டும் என்று போருக்குப் பிறகு மிசௌரி சட்டம் செய்திருந்தது. அவற்றுக்கு ஆசிரியர்கள் எங்கே? அந்த ஆசிரியர்களை உருவாக்கும் பொறுப்பை லிங்கன் ஏற்றது. 1870-ல் மாநில அரசு அதற்காக ஆண்டுக்கு 5,000 டாலர் கொடுக்கத் தொடங்கியது. சிப்பாய்கள் கொடுத்த அதே தொகை. நான்கு ஆண்டுகள் கழித்து. 1879-ல் அது மாநில நிறுவனமானது. 1921-ல் லிங்கன் பல்கலைக்கழகம் ஆனது. எழுத்து சொல்லிக்கொடுத்தால் சிறை என்று சொன்ன மாநிலத்தில், அதன் தலைநகரிலேயே அது நடக்கிறது. வளாகத்தில் அந்தச் சிப்பாய்களுக்கு 2007-ல் வெண்கலச் சிலைகள் எழுப்பினார்கள்.

மற்ற இடங்களில் நிலைமை இவ்வளவு நன்றாக முடியவில்லை. பீரோவின் கல்விப் பணி 1870-ல் நின்றது. 1872-ல் பீரோவே மூடப்பட்டது. தெற்கில் பொதுப்பள்ளிகள் வந்தன. அவற்றைக் கொண்டுவந்த சட்டமன்றங்களில் கறுப்பின உறுப்பினர்கள் முன்னால் நின்றார்கள். ஆனால் 1877-க்குப் பிறகு ஆட்சி பழைய கைகளுக்குத் திரும்பியது. கறுப்பின மக்கள் கட்டிய வரியில் ஒரு பகுதி வெள்ளைக் குழந்தைகளின் பள்ளிக்குப் போனது. தங்கள் பிள்ளைக்குப் பள்ளி வேண்டுமென்றால் மறுபடியும் தாங்களே நிலமும் மரமும் ரொக்கமும் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரே பள்ளிக்கு இரண்டு முறை பணம். அந்த அநீதி இரண்டு தலைமுறைகளுக்கு மேல் நீடித்தது.

வரலாற்று நூல்களில் கறுப்பினக் கல்வியின் கொடையாளர்கள் என்று தேடினால் பீபாடி, ஸ்லேட்டர், ரோசன்வால்ட் என்ற செல்வர்களின் பெயர்கள் வரும். அவர்கள் கொடுத்தது உண்மை. அதனால் படித்தவர்கள் லட்சக்கணக்கானோர் என்பதும் உண்மை. ஜூலியஸ் ரோசன்வால்டின் கதையை அடுத்த வாரம் விரிவாகப் பார்க்கப்போகிறோம். அதற்கு முன் ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1932 வரை அவர் பெயரில் தெற்கில் கட்டப்பட்ட சுமார் 5,000 பள்ளிகளுக்கு ரோசன்வால்ட் நிதி கொடுத்தது 43 லட்சம் டாலருக்கு மேல். அதே பள்ளிகளுக்குப் பருத்தி விற்றும், கோழி விற்றும், கூலியில் மிச்சம் பிடித்தும் கறுப்பின மக்கள் கொடுத்தது 47 லட்சம் டாலருக்கு மேல்.

(தொடரும்)